ஆறு மணிக்குப் பிறகு மச்சு பிச்சு

ஆம்பூரில் ஒரு ஷூ கம்பெனியில் இருபத்திரண்டு வருடங்களாக எனக்குச் செக்கிங் வேலை. மேஜை முன்னால் நின்றபடி, தைத்து வரும் ஷூவைத் திருப்பித் திருப்பிப் பார்த்து, தையல் விட்டிருக்கிறதா, பசை வழிந்திருக்கிறதா, இடதும் வலதும் ஒரே நிறமா என்று சொல்ல வேண்டும். உட்கார்ந்து பார்த்தால் தப்பு கண்ணில் படாது என்பது கம்பெனியின் நம்பிக்கை. அந்த நம்பிக்கைக்கு என் முட்டிகள் இரண்டையும் கொடுத்தாயிற்று.

எதிர்ச் சுவரில் ஒரு படம் உண்டு. வெளிநாட்டிலிருந்து சரக்கு வாங்க வந்த ஒருவர் ஒட்டிவிட்டுப் போனது. மலையேறும் ஷூ ஒரு ஜோடி, அதற்குப் பின்னால் மேகத்துக்கு மேலே கூரையில்லாத கல்வீடுகள், அடுக்கடுக்காகப் படிகள். ஷூவில் குறை இல்லை, முதல் நாளே பார்த்துவிட்டேன். அதற்கப்புறம் பல வருடம் பின்னாலிருந்த ஊரைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன். அது பெரு நாட்டில் இருக்கும் மச்சு பிச்சு என்று தெரியவே வெகு நாள் ஆனது. தெரிந்த பிறகு மனசு கேட்கவில்லை.

போன வருடம் வேலூர் ஆஸ்பத்திரியில் டாக்டர் என் எக்ஸ்ரேயைப் பார்த்துவிட்டு, வலது முட்டியை மாற்ற வேண்டும் என்றார்.

"ஆறு மாசத்துக்கு மேல தள்ளாதீங்க. மாத்தினப்புறம் வேலைக்கெல்லாம் போகலாம். மலை, கல்லுப் படி, இதெல்லாம் மறந்துடுங்க."

அவர் எல்லோருக்கும் சொல்வதைத்தான் சொன்னார். எனக்கு அந்தப் படம்தான் ஞாபகம் வந்தது. பார்த்தால் இந்த ஆறு மாதத்துக்குள் பார்க்க வேண்டும், இல்லாவிட்டால் அந்த ஊர் சுவரோடு சரி.

டூர் ஆட்களோடு போக எனக்கு இஷ்டமில்லை. கொடி பிடித்தவன் பின்னால் ஓட என்னால் ஆகாது. நான் பத்தடிக்கு ஒரு தரம் நிற்க வேண்டும். கணவரைக் கூப்பிட்டேன். அவர் தோல் பதனிடும் டேனரியில் வேலை செய்கிறவர். ஏலகிரி மலைக்குப் பஸ்ஸில் போனாலே மூன்றாவது வளைவில் வாந்தி எடுப்பார்.

"நீ போய்ட்டு வா, நான் வீட்டப் பாத்துக்கறேன்" என்றார். அதற்கு மேல் ஒரு வார்த்தை கேட்கவில்லை. அந்த ஒரு விஷயத்தில் அவரைப் போல மனிதர் கிடைக்க மாட்டார்.

நோட்டுப் போட்டு எழுத ஆரம்பித்தேன். உயரமான ஊர் என்பதால் முதலில் இரண்டு நாள் ஓய்வு. பிறகு ரயில், பிறகு மலைமேல் போகும் பஸ். உள்ளே சுற்றிப் பார்க்கப் பல வழிகள், அதில் கீழ் வழி ஒன்றுதான் படி கம்மி, என் முட்டிக்குத் தாங்கும். நுழைவுச் சீட்டில் நாளும் மணியும் போட்டிருக்கும். மாதக்கணக்கில் முன்னாலேயே தீர்ந்துவிடும். அதனால் முதலில் நுழைவுச் சீட்டு, அதற்கப்புறம்தான் விசா, விமானம் எல்லாம் என்று நோட்டின் முதல் பக்கத்தில் எழுதி அடிக்கோடும் போட்டேன்.

லீவுக்கு மேனேஜரிடம் நின்றேன். இரண்டு ஷிப்மென்டுக்கு நடுவில் பன்னிரண்டு நாள் கொடுத்தார்.

"அதுக்கு ஒரு நாள் முன்னயும் இல்ல, ஒரு நாள் பின்னயும் இல்ல" என்றார்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் செல்போனோடு உட்கார்ந்தேன். என் பன்னிரண்டு நாளில் கீழ் வழிக்கு எல்லா நாளும் தீர்ந்திருந்தது. ஒரே ஒரு நாள், காலை ஒன்பது மணிக்கு, நான்கு இடம் இருந்தது. பெயர், பாஸ்போர்ட் எண், கார்டு எண் எல்லாம் போட்டேன். ஒரு தரம் அழுத்தினால் முடிந்தது.

டீ கொண்டுவந்த கணவர் கடிகாரத்தைப் பார்த்தார். மணி நாலே முக்கால்.

"இன்னாமே, ராவு காலத்துலயா பணம் கட்டுவ? இத்தினி தூரம் தனியா போற. ஆறு மணி ஆவட்டும்."

அவரைக் குற்றம் சொல்ல எனக்கு யோக்கியதை கிடையாது. எங்கள் கம்பெனியில் புது மாடலுக்கு முதல் தோலை வெட்டும்போது நேரம் பார்த்துச் சொல்கிறவளே நான்தான். சரக்கு ஏற்றிய கன்டெய்னர் வண்டியை ராகு காலம் கழியட்டும் என்று கேட்டிலேயே நிறுத்தி வைத்து, டயருக்கு எலுமிச்சம்பழம் வைத்து அனுப்பியிருக்கிறோம். ஒரு நாளும் கப்பல் எங்களை விட்டுவிட்டுப் போனதில்லை.

"அவங்க ஊர்ல இப்பதான் விடியுது. எவன் எழுந்து வாங்கப் போறான்?" என்று நானே சொல்லிவிட்டு டீயைக் குடித்தேன். மற்ற நாட்டுக்காரர்கள் எல்லாம் விழித்திருப்பார்கள் என்று அப்போது தோன்றவில்லை.

ஐந்தே காலுக்குத் திறந்து பார்த்தேன். நான்கு. ஐந்தரைக்கு இரண்டு.

"ரெண்டு கீதே. நீ ஒரே ஆளுதானே" என்றார். அவர் குரலும் கொஞ்சம் இறங்கித்தான் இருந்தது.

ஐந்து ஐம்பதுக்கு ஒன்று. நான் அந்த ஒன்றையே பார்த்துக்கொண்டிருந்தேன். விரல் திரைக்கு மேலே நின்றது. அழுத்து என்று மனசு சொல்கிறது, தனியாகப் போகிற இடத்தில் எங்காவது விழுந்து கிடந்தால் என்ன ஆகும் என்றும் அதே மனசு சொல்கிறது. பத்து நிமிடம், பத்தே நிமிடம் என்று பல்லைக் கடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். மணி ஆறு ஆனதும் அழுத்தினேன். இடம் இல்லை என்று வந்தது. மறுபடி அழுத்தினேன். எத்தனை தரம் அழுத்தினேன் என்று தெரியாது. அழுதுவிட்டேன்.

அவர் செல்போனை வாங்கித் தானும் ஒரு தரம் அழுத்திப் பார்த்தார். பிறகு, "வேற வழியே இல்லியா?" என்றார். மலையடி ஊரில் மறுநாளைக்கான சீட்டைக் கையில் கொடுப்பார்களாம், மணிக்கணக்கில் வரிசையில் நிற்க வேண்டுமாம், கிடைத்தாலும் எந்த வழிக்குக் கிடைக்கும் என்று சொல்ல முடியாதாம் என்றேன்.

"நான் வர்றேன். வரிசைல நான் நிக்கறேன்" என்றார்.

அவருக்குப் பாஸ்போர்ட்டே இல்லை. அதை எடுத்து, விசா வாங்கி முடிப்பதற்குள் என் பன்னிரண்டு நாள் போய்விடும். அது அவருக்கும் தெரிந்துதான் இருக்க வேண்டும். அந்தக் கணத்தில் அவர் மேல் இருந்த கோபம் போய்விட்டது, ஆனால் அவர் சொன்னதை வைத்துக்கொண்டு என்ன செய்ய என்று தெரியவில்லை. நோட்டை மூடி பீரோவில் வைத்தேன். லீவை வேண்டாம் என்று சொல்லிவிட்டு, அந்தப் பன்னிரண்டு நாளும் மேஜை முன்னாலேயே நின்றேன்.

ஆபரேஷனுக்கு ஆஸ்பத்திரியில் ஒரு சீட்டில் தேதி எழுதிக் கொடுத்தார்கள். திங்கட்கிழமை காலை எட்டு மணி. கணவர் சீட்டை வாங்கிப் படித்தார், காலண்டரைப் பார்த்தார், சீட்டை மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டார். திங்கட்கிழமை ஏழரையிலிருந்து ஒன்பது வரை ராகு காலம் என்று எங்கள் இருவருக்குமே தெரியும். வேறு மணி கேட்க இருவருக்குமே வாய் வரவில்லை.

அன்று தள்ளுவண்டியில் படுக்க வைத்து என்னைக் கொண்டுபோகும்போது கதவு வரை கூட வந்தார்.

"ராவு காலங்க" என்றேன்.

"ஆஸ்பத்திரில அதெல்லாம் பாக்கக் கூடாதுமே" என்று சொல்லி என் முட்டியை ஒரு தரம் தொட்டுவிட்டு நின்றுகொண்டார்.