பின்னால் வந்தவள்

ரோமாபுரியில் வெஸ்டா தேவியின் அடுப்பு அணையவே கூடாது. அதற்காக ஆறு கன்னிப் பெண்கள் முறை வைத்துக் கண்விழிக்கிறார்கள் என்று ஊரே பெருமை பேசும். அவர்களுக்குத் தலை பின்னி, கால் பிடித்துவிட்டு, கூடவே கண்விழிக்கிறவளைப் பற்றி யார் பேசினார்கள்? பெலிக்குலா அப்படி ஓர் அடிமைப் பெண். பாபிரியா என்ற சின்னப் பெண்ணைத் தலைமைப் பூசாரி கைப்பிடித்துக் கூட்டிப்போன அன்று, சீர்ப் பாத்திரம் மாதிரி அவளோடு அனுப்பப்பட்டவள்.

அன்றோடு போயிற்று தூக்கம். அடுப்பு அணைந்தால் சவுக்கடி பாபிரியாவுக்குத்தான், ஆனால் பயம் இரண்டு பேருக்கும். வீட்டுக்கு வீடு எந்த வேண்டுதலிலும் கடைசியாகச் சொல்லும் பெயர் வெஸ்டா. அதைக் கேட்கும்போதெல்லாம் பெலிக்குலாவுக்குக் கண் எரியும்.

முப்பது வருஷம் முடிந்தால் பூசாரிப் பெண் வெளியேறலாம், கல்யாணம்கூடச் செய்துகொள்ளலாம். "நான் போற அன்னிக்கு உன்னையும் விடுவிச்சுடுவேண்டி" என்று பாபிரியா எத்தனையோ தடவை சொல்லியிருந்தாள். ஓஸ்தியா துறைமுகத்தில் கொண்டைக்கடலைக் கஞ்சி விற்கும் தங்கை ஒரு கட்டில் போட்டு வைத்துக் காத்திருந்தாள். பெலிக்குலாவுக்கு வேறென்ன வேண்டும்? அந்தக் கட்டிலில் விழுந்து, யாரும் எழுப்பாமல் தூங்க வேண்டும்.

அந்த முப்பது வருஷம் முடிகிற நாளும் வந்தது. வழக்கம்போல ஊர் வாசலுக்கு வெளியே ஊற்றுக்குப் போய்த் தண்ணீர் எடுத்துத் திரும்பிக்கொண்டிருந்தார்கள். முன்னால் வழி விலக்கிக்கொண்டு போகும் தடிக்காரன், நடுவில் குடத்தோடு பாபிரியா, பின்னால் பெலிக்குலா. குடத்துக்கு அடி கூர்மை. கீழே வைத்தால் சாய்ந்துவிடும், தரை தொட்ட தண்ணீர் தேவிக்கு ஆகாது. வேறு யாரும் தொடவும் கூடாது.

"நாளைக்கு இந்தச் சனியன் பிடிச்ச குடம் இல்லம்மா" என்றாள் பெலிக்குலா.

பாபிரியா திரும்பாமலே, "நான் போகலடி. வெளியில எனக்கு யாரு இருக்கா? அப்பா அம்மா போயாச்சு. அடுப்பைத் தவிர எனக்கு என்ன தெரியும்?" என்றாள்.

"அப்போ நான்?"

"நீயும் போயிட்டா நான் செத்தே போவேன்."

அந்த நேரம் பார்த்து வாசலுக்குள்ளிருந்து, சாகடிக்க ஒருவனை இழுத்து வந்தார்கள். வெஸ்டாவின் பெண் எதிர்ப்பட்டால் கைதிக்கு உயிர் மிஞ்சும், சட்டம் அப்படி. தற்செயலாகத்தான் எதிர்ப்பட்டோம் என்று மட்டும் அவள் சத்தியம் செய்ய வேண்டும். குடத்தை இடுப்பில் அணைத்தபடியே பாபிரியா சத்தியம் செய்தாள். கட்டை அவிழ்த்தார்கள். அவன் நம்ப முடியாமல் நின்றுவிட்டு, திரும்பிப் பார்க்காமல் ஓடினான்.

பெலிக்குலாவுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. "யாரைக் கொன்னானோ, எவன் வீட்ட எரிச்சானோ! அவனுக்கு ஒரே நிமிஷத்துல விடுதலை. நான் இத்தனை வருஷமா உங்க முதுகுக்குப் பின்னாடியே வர்றேன், அதான் கண்ணுக்குத் தெரியல!"

"வாய மூடு. தெருவுல எல்லாரும் பாக்குறாங்க."

"பாக்கட்டும்!"

விறுவிறுவென்று சுற்றிக்கொண்டு ஓடி, பாபிரியாவுக்கு நேர் எதிரே போய் நின்றாள். மூச்சு வாங்கியது. தடிக்காரன் தடியை ஓங்கினான். பாபிரியா தலையசைத்து அவனைத் தடுத்தாள்.

"இதோ, எதிர்ப்பட்டுட்டேன். சொல்லுங்கம்மா. ஒரு வார்த்தை."

பாபிரியாவின் கண் நிறைந்தது. துடைக்கக் கை இல்லை, இரண்டு கையும் குடத்தில் இருந்தன. அந்த ஒரு வார்த்தையைச் சொல்ல அவளுக்கு யார் அனுமதியும் தேவையில்லை. அடிமை அவளுடையவள்தான்.

"வேணும்னே வந்து நின்னா செல்லாதுடி" என்றாள் மெதுவாக.

பெலிக்குலா அவளையே பார்த்துக்கொண்டு நின்றாள். குடத்திலிருந்து தண்ணீர் தளும்பிச் சிந்தத் தொடங்கியது. அது காலியானால் மறுபடி ஊற்றுவரை நடக்கப் பெலிக்குலாவுக்குத் தெம்பில்லை. ஒதுங்கி வழிவிட்டாள். பாபிரியா கடந்து போனதும் அவள் பின்னாலேயே நடந்தாள்.