மடிப்பு நிறுத்திய ஊசி

மடிப்பு என்று எல்லோரும் கூப்பிடும் தம்பி ஜெயித்தவற்றை அவன் அக்கா விரல்விட்டு எண்ணுவாள். பதினோரு வயதில் சர்க்கரை நோய் வந்தபோது ஊசியைக் கண்டு கட்டிலுக்கடியில் ஒளிந்தவன், ஒரே மாதத்தில் தானே சட்டையைத் தூக்கி வயிற்றைக் காட்டினான். இந்த உடம்பு நீராவிச் சூட்டைத் தாங்காது என்று துரத்தப் பார்த்த சலவைக்கூட முதலாளியிடம் ஒன்பது வருடம் நிலைத்தான். நாளுக்கு நூற்று இருபது சட்டை தேய்ப்பான், ஒன்றில்கூட மடிப்பு இரட்டைக் கோடாக விழாது. பெயர் அப்படித்தான் வந்தது. எல்லாவற்றையும்விடப் பெரியது, ரத்தத்தில் அமிலம் ஏறிய மூன்று நாளை அவன் தாண்டியது. அதில் பாதித் தவறு அவனுடையது. மீதி யாருடையது என்று அக்கா சொல்லிக்கொள்வதில்லை.

இரண்டு வேளையும் ஊசி போட்டவள் அவள்தான். அளவு, நேரம், வயிற்றின் எந்தப் பக்கம், எல்லாம் அவள் நோட்டில் இருக்கும். தையல் வேலையாக இரண்டு நாள் வெளியூர் போனபோது எவ்வளவு போட வேண்டும் என்று மூன்று முறை காட்டினாள். ஏன் போட வேண்டும் என்று ஒருமுறைகூடச் சொல்லவில்லை.

அவள் போன அன்றே அவனுக்கு வாந்தி. ஒன்றும் சாப்பிடவில்லை. சலவைக்கூடத்தில் துணி இல்லையென்றால் கொதிகலனை அணைத்துவிட வேண்டும், அது அங்கே சட்டம். வயிற்றில் ஒன்றுமில்லை என்று மடிப்பும் ஊசியை நிறுத்திவிட்டான்.

சனிக்கிழமை காலை அக்கா திரும்பியபோது, அவன் குடித்துத் தீர்த்த தண்ணீர்க் குடம் காலியாகக் கிடந்தது. அவன் ஓடிவந்தவன்போல ஆழமாக மூச்சு வாங்கினான். வாயில் கனிந்து போன பழத்தின் வாசனை.

"எனக்குத் தெரியாம பழம் தின்னியாடா?"

எப்போதும் பதிலுக்குப் பதில் பேசுகிறவன் கண்ணைப் பாதி திறந்து மூடிக்கொண்டான். அக்கா ஆட்டோ பிடிக்கத் தெருவுக்கு ஓடினாள்.

மருத்துவமனையில் டாக்டர் சொன்னார்: "இன்சுலின் இல்லைன்னா உடம்பால சர்க்கரையைப் பயன்படுத்த முடியாது. பட்டினின்னு நினைச்சு கொழுப்பைக் கரைக்கும். அதுல வர்ற அமிலம்தான் இப்ப ஆளைப் படுக்க வெச்சிருக்கு. சாப்பிடலைன்னாலும் இன்சுலினை அடியோட நிறுத்தக் கூடாதும்மா."

ஒரு கையில் உப்புநீர், மறு கையில் சொட்டுச் சொட்டாக இன்சுலின். இடையிடையே ரத்தம் எடுத்துப் பொட்டாசியம் பார்த்தார்கள். மணிக்கொரு தரம் விரலில் குத்தினார்கள். அக்கா சர்க்கரை அளவை நோட்டில் எழுதினாள்: 520, 455, 390. மாலையில் 230 ஆனதும் நர்ஸ் குளுக்கோஸ் பாட்டிலோடு வந்தாள். அக்கா குறுக்கே நின்றாள்.

"சர்க்கரைக்காரனுக்குச் சர்க்கரைத் தண்ணியா? பாட்டிலை மாத்தி எடுத்துட்டு வந்துட்டீங்கம்மா."

"மாறலக்கா. சர்க்கரை இறங்கிடுச்சு, அமிலம் இன்னும் இருக்கு. அது போற வரைக்கும் இன்சுலின் ஓடணும். அதுக்குள்ள சர்க்கரை ரொம்ப இறங்கிடாம இருக்கத்தான் இது."

"என் நோட்டுல..."

"உங்க நோட்டுல அமிலத்துக்கு இடமே இல்லையே. கொஞ்சம் வழி விடுங்க."

அக்கா வழிவிட்டாள். பிறகு நோட்டில் அமிலத்துக்கென்று தனியாக ஒரு கட்டம் போட்டாள்.

மறுநாள் மடிப்பு கண் திறந்தான். "இந்தப் போர்வையை யாருக்கா மடிச்சது? கோணலா இருக்கு." அக்கா முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பிக்கொண்டாள்.

வீட்டுக்கு அனுப்பும் நாளில் ஒரு தாள் வந்தது. 'சாப்பிடாவிட்டாலும் இன்சுலினை நிறுத்தமாட்டேன். வாந்தி எடுத்தால் கீட்டோன் அமிலம் இருக்கிறதா என்று பரிசோதித்து உடனே வருவேன்.' பழக்கதோஷத்தில் பேனா அக்கா கைக்குப் போனது. நர்ஸ் தாளை இழுத்துக்கொண்டாள்.

"ஊசி யார் வயித்துக்கோ, கையெழுத்து அவரோடது."

"அவனுக்கு எழுத வராதும்மா. எங்கே போனாலும் கைநாட்டுதான்."

"நீ இல்லாதப்பதானேக்கா இப்படி ஆச்சு," என்றான் மடிப்பு. "இனிமே நானே போட்டுக்கறேன். பேனாவைக் கொடு."

சட்டைக் காலர்களில் மையால் எழுதிய அடுத்தவர் பெயர்களைப் பார்த்துத்தான் அவனுக்கு எழுத்து தெரியும். அப்பா அம்மா வைத்த தன் சொந்தப் பெயரை எழுதியதே இல்லை. ஒரு சட்டை தேய்க்கும் நேரம் எடுத்துக்கொண்டான். ஒரு கொம்பு திசை மாறிப் போயிற்று. திருத்தத் துடித்த கையை அக்கா முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டாள். தேதியை மட்டும் அவளை எழுதவிட்டான்: 11 மார்ச் 2014, செவ்வாய்க்கிழமை.