மூட்டைக்கு முன்னால் எரிந்த விளக்கு

ஏழாவதோடு படிப்பை விட்டு ஊர் ஊராகச் சுற்றிய நான், இப்போது காஞ்சிபுரத்தில் ஒரு சாயப்பட்டறையில் இருக்கிறேன். சாயமேற்றிய பட்டு நூலை மாலையில் சைக்கிளில் கட்டி, திருப்புட்குழியில் தறி வைத்திருப்பவர்களுக்குக் கொண்டுபோவது என் வேலை.

பின்விளக்கு வாங்கப் போனபோது கடைக்காரர் இரண்டு காட்டினார். ஒன்று மட்கார்டில் மாட்டும் சின்ன விளக்கு. மற்றது சீட்டுக்கு அடியில் மாட்டுவது, கண் கூசும் சிவப்பு. அதையே வாங்கினேன்.

மறுநாள் இருட்டியதும் நெடுஞ்சாலையில் ஒரு வேன் என் முழங்கையை உரசிக்கொண்டு போய் நின்றது. நான் மண்ணில் கிடந்தேன். டிரைவர் ஓடிவந்து தூக்கினார்.

“லைட்டு இல்லாம வந்துக்கினு இருக்கியேப்பா. சாவறதுக்கு என் வண்டிதான் கெடச்சுதா?”

“புது லைட்டுண்ணா. எரியுது பாரு.”

அவர் சைக்கிளை நிமிர்த்தி, என்னைப் பின்னால் வந்து நிற்கச் சொன்னார். கேரியரில் இருந்த நூல் மூட்டை மட்டுமே தெரிந்தது. அதற்கு முன்னால் விளக்கு பத்திரமாக எரிந்துகொண்டிருந்தது.

“மூட்டைக்கா வெளிச்சம் காட்டிக்கினு வர்ற?” என்றவர், ஊர் வரைக்கும் என் பின்னாலேயே மெதுவாக வந்தார்.

இப்போது மட்கார்டில் அந்தச் சின்ன விளக்குதான். மூட்டையைக் கட்டியதும் பத்தடி பின்னால் போய், அவர் நிற்கவைத்த மாதிரி நின்று பார்த்துவிட்டுத்தான் சைக்கிளில் ஏறுகிறேன்.