சம்பந்தி கோபித்துக்கொண்ட நாள்

மாப்பிள்ளை வீட்டார் கோபித்துக்கொண்டால் எப்படியிருப்பார்கள் என்பது எனக்கு அத்துப்படி. மூன்று தங்கைகளைக் கட்டிக்கொடுத்தவன் நான். முகத்தைச் சுளிப்பார்கள், இலையை அளைவார்கள், கேட்டால் ஒன்றுமில்லை என்பார்கள். இந்த ஞானம்தான் ஒரு மனிதரைச் சாகடிக்கப் பார்த்தது.

யுத்த காலம். விழுப்புரத்தில் எங்கள் வீட்டில் என் பெண்ணுக்கு நிச்சயதார்த்தம். சம்பந்தியாக வரப்போகிறவர் திண்டிவனத்தில் மல்லாட்டை மண்டி, அதாவது வேர்க்கடலை மண்டி, வைத்திருந்தார். காலை ரயிலில் உறவுக்காரர்களோடு வந்து இறங்கினார். முதலில் சாப்பாடு, பிறகு நல்ல நேரம் பார்த்துத் தட்டு மாற்றுவது என்று ஏற்பாடு.

பர்மா அரிசி நின்றுபோன சமயம் அது. கிடைத்த மட்ட அரிசியைத்தான் வடித்துப் போட்டிருந்தோம். அந்தக் கூச்சத்தை மறைக்க, வழக்கம்போல் வாயைத் திறந்தேன்.

"பல்லு ஜாக்கிரதைங்க சம்பந்தி. மண்டகப்பட்டுல குகைக் கோயில் குடைஞ்ச கல்லையெல்லாம் இதுலதான் கலந்துட்டாங்க."

பந்தியே சிரித்தது. அவர் மட்டும் சிரிக்கவில்லை. இரண்டு வாய்க்கு மேல் அவருக்கு இறங்கவில்லை. தாடையை இறுக்கியிருந்தார். இடது கையை ஓயாமல் தேய்த்துக்கொண்டிருந்தார். தை மாதத்துக் குளிரிலும் ஜிப்பா முதுகோடு ஒட்டிக்கிடந்தது.

"இன்னாங்க, சாப்பாடு புடிக்கலீங்களா?"

"ஒண்ணுமில்லீங்க."

சாம்பாரை ஊற்றினேன். இலையை மறைத்து நீட்டிய கையின் மேலேயே ஊற்றினேன். பாயசத்தைக் கொண்டுவந்து கெஞ்சினேன். அவர் கண்ணை மூடிக்கொண்டார். சரி, முற்றிய கோபம், சீர்ப் பாத்திரத்தைக் காட்டினால்தான் இறங்கும் என்று முடிவுகட்டினேன். கையைப் பிடித்து எழுப்பி உள்ளறைக்கு நடத்திக்கொண்டு போனேன். நாலடி நடந்தவர் தூணில் சாய்ந்து, முஷ்டியை நெஞ்சில் வைத்து அழுத்திக்கொண்டார். முகம் சாம்பல் பூத்திருந்தது.

நான் என்ன செய்தேன் தெரியுமா? காலில் விழுந்தேன். "தப்பு இருந்தா மன்னிச்சிடுங்க சம்பந்தி, அரிசி கெடைக்கலீங்க!"

அவர் மனைவி ஓடி வந்தார். "எழுந்திருங்கண்ணே! கோவம் வந்தா இந்த மனுசன் ஊரையே கூட்டிடுவாரு. வாயத் தொறக்காம நின்னு நான் பாத்ததே இல்ல." கணவரின் நெற்றியைத் தொட்டுப் பார்த்தார். "ஐயோ, ஜில்லுனு இருக்குதே. மாரு வலிக்குதாங்க?"

அவர் தலையை மட்டும் அசைத்தார்.

அந்த அம்மாள் அவரை நின்ற இடத்திலேயே உட்காரவைத்து, முதுகுக்குத் தலையணை கொடுத்து, ஜிப்பாப் பித்தானைக் கழற்றினார். யாரோ நீட்டிய சோடாவையும் அந்த அம்மாளே தள்ளிவிட்டார். "அண்ணே, டாக்டரு!" என்றார்.

வாசலில் ஜட்கா நின்றது. பாய்ந்து ஏறினேன். "ஜல்தி போப்பா, ஜல்தி! உயிரு போவுது!" வழியெல்லாம் எதிரே வந்தவர்களைத் திட்டித் தீர்த்தேன். டாக்டர் வீட்டு வாசலில் குதித்து, "சம்பந்திக்கு மாரடைப்புங்க, வந்து பாருங்க" என்று அலறினேன்.

டாக்டர் வெளியே வந்து ஜட்காவுக்குள் எட்டிப் பார்த்தார். புல்லுக்கட்டுதான் இருந்தது.

"ஆளு எங்கய்யா?"

அப்போதுதான் திரும்பிப் பார்த்தேன். "வூட்லயே வுட்டுட்டு வந்துட்டேங்க."

ஜட்காக்காரன் துண்டால் வாயைப் பொத்திக்கொண்டான். டாக்டர் பையை எடுத்துக்கொண்டே சொன்னார்: "உன் அவசரத்துல அது ஒண்ணுதான் உருப்படியா நடந்துருக்கு. இந்த ரோட்டுல குலுக்கிக்கினு வந்திருந்தா பாதி வழியிலயே போயிருப்பாரு. நெஞ்ச அமுக்கி, கைக்கும் தாடைக்கும் வலி இழுத்து, வேத்துக் கொட்டுனா ஆள அசைக்கவே கூடாது. நடக்க கிடக்க வச்சியா?"

"இல்லீங்க" என்றேன். பொய்.

திரும்பி வரும்போது வண்டியில் நான் நினைத்ததைச் சொல்ல நாக்கு கூசுகிறது. அவர் பிழைக்க வேண்டும் என்றுதான் வேண்டிக்கொண்டேன். ஆனால் அவருக்காக இல்லை. நிச்சயத்தன்று மாமனாரை விழுங்கியவள் என்று ஊர் சொன்னால் என் பெண்ணை எவன் கட்டுவான் என்பதற்காக. எப்படியாவது திண்டிவனம் போய்ச் சேர்கிற வரைக்கும் தாங்கட்டும் என்றுகூட ஒரு கணம் நினைத்தேன்.

டாக்டர் ஊசி போட்டார். வலி தணிந்து அவர் கண்ணயர்ந்தார். "இந்த ராத்திரி தாண்டணும். தாண்டினாலும் ஒரு மாசத்துக்கு எழுந்திருக்கக் கூடாது" என்றார் டாக்டர். தட்டு மாற்றவில்லை. வெற்றிலை வாடிப்போயிற்று. உறவுக்காரர்கள் வாசலில் கூடிக்கூடிப் பேசினார்கள். நான் போனதும் பேச்சு நின்றது.

விடிந்ததும் அவர் கண் திறந்து தண்ணீர் கேட்டார். அந்த அம்மாள் வாசலுக்கு வந்தார். நான் எழுந்து நின்றேன். திண்டிவனத்துப் பெரியவர் ஒருவர் ஆரம்பித்தார்: "ஏம்மா, சகுனம்னு ஒண்ணு இருக்குதில்ல..."

"இன்னா சகுனம்? ரயில்ல இந்த வலி வந்திருந்தா அப்பவே போயிருப்பாரு. இந்த வூட்டுக்கு வந்ததால பொழச்சாரு. எல்லாம் எங்க மருமவ ராசி. அண்ணன் ஓடலைன்னா டாக்டரு வந்திருப்பாரா?"

எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். ராசியும் இல்லை, நானும் இல்லை, புருஷனின் மௌனத்தை அடையாளம் கண்ட அந்த அம்மாள்தான் அவரைக் காப்பாற்றினார். அதைச் சொல்லியிருக்கலாம். ஆனால் பெரியவர் சகுனப் பேச்சை விட்டு இறங்கி வருவது தெரிந்தது. வாயாடி என்று பெயரெடுத்த நான், ஆமாம் என்று தலையை மட்டும் ஆட்டினேன்.