லீலாபாய் பிடித்த விரால்

எங்கள் சபையின் அறுப்பின் பண்டிகையில் ஏலம் விடுகிறவன் நான்தான். சுந்தர்சிங் என்று பெயர். தொண்டை பெரிது, வெட்கம் குறைவு. இந்த வேலைக்கு வேறு தகுதி வேண்டாம். ஆராதனை முடிந்ததும் சபையார் படைத்த பொருட்கள் முற்றத்துக்கு வரும். வாழைக்குலை, சேனைக்கிழங்கு, பலாச்சக்கை, முட்டையிட மறந்த கோழி என்று ஒவ்வொன்றாகத் தூக்கிக் காட்டி, கொடுத்தவர் பெயரையும் சொல்லி நான் விலை கேட்க வேண்டும். சந்தையில் பேரம் பேசிப் பேசிக் கடைக்காரனை அழவைக்கிற எங்கள் ஜனம், அன்றைக்கு மட்டும் ஒரு தேங்காயைப் பல மடங்கு விலைக்கு எடுத்துவிட்டுச் சிரித்துக்கொண்டு போகும்.

அந்த ஏலத்தில் வருஷம் தவறாமல் நான் சொல்லிவந்த ஒரு வாசகம் உண்டு. "லீலாபாய் பிடிச்ச விரால்!" சிவப்பு பிளாஸ்டிக் வாளி, மேலே மூடி, மூடிக்கு மேலே ஒரு செங்கல். மூடியைத் திறந்ததும் விரால் வாலால் ஒரு அடி அடித்து என் வேட்டியை நனைக்கும். பெண்கள் பக்கத்தில் சிரிப்பு கிளம்பும். முதல் விலை கேட்கிறவர் ஜேசுதாஸ் அண்ணன், அதாவது லீலாபாயின் வீட்டுக்காரர். தன் வீட்டுக் குழம்பில் கிடக்க வேண்டிய மீனைக் கோயிலுக்கு வந்து காசு கொடுத்து எடுத்துப்போகிற மனிதரை நான் வேறெங்கும் பார்த்ததில்லை.

லீலக்கா எனக்கு அடுத்த வீடு. சின்ன வயதிலேயே அண்டியாபீசில் வேலைக்குச் சேர்ந்தவள். முந்திரிக்கொட்டை உடைக்கிற ஆலையை எங்கள் ஊரில் அப்படித்தான் சொல்லுவோம். கொட்டையைத் தட்டினால் பருப்பு உடையாமல் முழுசாக வெளியே வரும், அப்படி ஒரு கை. ஜேசுதாஸ் அண்ணன் அப்போது குவைத்தில் வண்டி ஓட்டிக்கொண்டிருந்தார். வீட்டில் மாமியார் மட்டும். மாமியாருக்கு வாய் ஓயாது. அக்கா வேலை முடிந்து வந்ததும் தூண்டிலை எடுத்துக்கொண்டு குளத்துக்குக் கிளம்பிவிடுவாள்.

"வீட்டுல இருந்தா அத்தைக்க பேச்சு. மீனுக்கு வாயிருந்தும் பேசாதுல்லா, அதான் இஞ்ச வாறேன்" என்பாள்.

ஒரு பெண்பிள்ளை தூண்டில் போடுவதா என்று சிலர் முகத்தைச் சுளித்தார்கள். குடம்புளி போட்ட மீன்குழம்பு வாசம் மதில் தாண்டி வந்ததும் சுளித்த முகமெல்லாம் நேராகிவிட்டது.

தூண்டில் போடுகிறவனெல்லாம் மீன் பிடிக்கிறான் என்று யாரும் நினைக்க வேண்டாம். எங்கள் குளத்தில் பொடிமீன் அதிகம். மண்புழுவை முள்ளில் சும்மா குத்திப் போட்டால், பொடியன்கள் கூட்டமாக வந்து கொத்திக் கொத்திப் புழுவை உருவிக்கொண்டு போய்விடுவார்கள். நாம் கரையில் வெறும் முள்ளைக் காவல் காத்துக்கொண்டு உட்கார்ந்திருப்போம். நான் அப்படி உட்கார்ந்து பல சாயங்காலங்களைக் கழித்தவன். அக்கா கோர்த்த புழுவோ, தண்ணீரில் எவ்வளவு நேரம் கிடந்தாலும் முள்ளை விட்டு இறங்காது.

ஒருநாள் அக்கா இரை கோர்த்துத் தூண்டிலைப் போட்டுவிட்டு, யாரோ கூப்பிட்டார்கள் என்று கரைக்கு மேலே போனாள். கொஞ்சம் பார்த்துக்கொள் என்று கம்பை என் கையில் கொடுத்திருந்தாள். அந்த நேரம் பார்த்து ஒரு விரால் கடித்தது. நான் இழுத்துக் கரையில் போட்டேன். என் வாழ்நாளில் நான் பிடித்த ஒரே விரால் அதுதான். அக்கா வந்தாள், மீனை எடுத்துத் தன் வாளியில் போட்டாள்.

"அக்கா, அது நான் பிடிச்ச மீனாக்கும்."

"ஏலே சிங்கு, நீ இழுத்த. அவ்வளவுதான். இர கோத்தவளுக்குத்தான் மீன்."

நான் விடவில்லை. வழக்கைப் போதகர் ஐயாவிடம் கொண்டுபோனேன். ஐயா இரண்டு பக்கமும் கேட்டுவிட்டு, அன்று இரவு லீலக்கா வீட்டில் சாப்பிடப் போய், அதே விராலைத் தின்றுவிட்டு, தீர்ப்பை அவள் பக்கம் சொல்லிவிட்டு வந்தார். அதிலிருந்து எங்கள் குளத்தில் அதுதான் சட்டம். இரை கோர்த்தவருக்குத்தான் மீன்.

போன வருஷம் பண்டிகைக்குக் கொஞ்சம் முன்னால் லீலக்காவுக்கு வாதம் அடித்தது. இடது பக்கம் முழுவதும் விழுந்துவிட்டது. ஜேசுதாஸ் அண்ணன் அதற்குச் சில வருஷம் முன்பே குவைத்தை முடித்துக்கொண்டு ஊரோடு வந்திருந்தார், நல்லதாய்ப் போயிற்று. எண்ணெய் தேய்க்க, கஞ்சி வைக்க, முடி பின்ன என்று எல்லாம் அவரே செய்தார். பின்னலைப் பார்த்தால் கயிறு திரித்ததுபோல இருக்கும். கால் மெல்ல மெல்லத் திரும்பியது. கை திரும்பவில்லை. மடியில் வைத்தால் மடியில் கிடக்கும், அவ்வளவுதான்.

அந்த வருஷம் அண்ணன் ஒரு பூசணிக்காயைக் கொண்டுவந்து படைத்தார். நானும் "லீலாபாய் குடும்பத்தார், மத்தங்கா!" என்று கூவினேன். நாற்காலியில் உட்கார்ந்திருந்த அக்கா முகத்தைத் திருப்பிக்கொண்டாள். ஏலம் முடிந்து நான் அருகே போனபோது, "அடுத்த வருசமும் எனக்க பேரச் சொல்லி மத்தங்கா வித்தேன்னு வை, ஒனக்க தலையிலதான் ஒடைப்பேன்" என்றாள். குரல் வேடிக்கையாகத்தான் இருந்தது. கண் அப்படி இல்லை.

இந்த வருஷம் அவள் மறுபடியும் குளத்துக்கு வந்தாள். வலது கையால் கம்பைப் பிடிக்க முடிந்தது, வீசவும் முடிந்தது. இரை கோர்க்கத்தான் இரண்டு கை வேண்டும். ஒன்று முள்ளைப் பிடிக்க, ஒன்று புழுவைப் பிடிக்க. ஜேசுதாஸ் அண்ணன் கோர்த்துக் கொடுத்தார். அண்ணனுக்குப் புழு என்றால் உடம்பெல்லாம் கூசும். தலையை அந்தப் பக்கம் திருப்பி, கண்ணை மூடிக்கொண்டு, கர்த்தரைக் கூப்பிட்டுக்கொண்டே கோர்ப்பார். அதிலும் ஒரு மீன் ஏமாந்து மாட்டியது. நல்ல விரால்தான். அக்கா அதைப் பார்த்தாள். வாளியோடு தூக்கிக் குளத்தில் கவிழ்த்துவிட்டாள்.

அண்ணன் தலையில் கைவைத்துக்கொண்டார். "ஏட்டி லீலா, என்ன வேல செஞ்ச?"

"இர கோத்தது நீங்க. அப்பம் அது உங்களுக்க மீன். அதுக்கு எனக்க பேரச் சொல்லி ஏலம் விட முடியுமா?"

"நீ வச்ச சட்டந்தானே, நீயே மாத்தப்பிடாதா?"

"சிங்குக்க மீன அந்தச் சட்டத்தச் சொல்லித்தான் தின்னேன். இப்பம் சட்டத்த மாத்தினா, தின்ன மீன எப்பிடித் திருப்பிக் குடுக்கது?"

எனக்கு வேண்டாம் அக்கா, மன்னித்துவிட்டேன் என்றேன். மன்னிப்பெல்லாம் கோயிலில் கேட்டுக்கொள்கிறேன் என்றாள்.

அன்றிலிருந்து ஜேசுதாஸ் அண்ணனுக்கு ஒரே யோசனை. ஒற்றைக் கையால் இரை மாட்ட வேண்டும், மாட்டிய இரை கழலவும் கூடாது. எனக்கு வீட்டுக்குப் பின்னால் கொஞ்சம் ரப்பர் மரம் உண்டு. ஒருநாள் காலை நான் பால் எடுத்துக்கொண்டு வருகிறபோது அண்ணன் ஓடிவந்து சிரட்டையைப் பிடித்துக்கொண்டார். முள்ளையும் புழுவையும் சேர்த்து ரப்பர் பாலில் முக்க வேண்டியது, ஷீட் அடிக்கிற ஆசிட்டில் ஒரு சொட்டு விட வேண்டியது, பால் உறைந்து புழுவை முள்ளோடு பிடித்துக்கொள்ளும், கோர்க்கவே வேண்டாம் என்றார். ரப்பர் நாட்டில் பிறந்தவனுக்கு எந்த நோய்க்கும் ரப்பர்தான் மருந்து. எனக்கும் அது பெரிய கண்டுபிடிப்பாகத்தான் தெரிந்தது.

சாயங்காலம் குளக்கரையில் அக்காவே ஒற்றைக் கையால் முக்கினாள். உறைந்தது. பிடித்தும் கொண்டது, இழுத்தாலும் வரவில்லை. புழு எங்கே என்று தேட வேண்டியிருந்தது, அவ்வளவுதான். தூண்டிலைப் போட்டோம். இருட்டுகிற மட்டும் மிதப்புக்கட்டை அங்கேயும் இங்கேயும் ஓடியது, அடியில் மட்டும் போகவில்லை. எடுத்துப் பார்த்தால் முள்ளில் வெள்ளையாக, உருண்டையாக ஒரு பந்து. அதில் ஒரு பல்தடம்கூட இல்லை.

"குளத்து மீனெல்லாம் வெளையாடட்டும்னு ரெண்டுபேருமா பந்து செஞ்சு போட்டிருக்கியளா?" என்றாள் அக்கா. "பாலு மட்டுமில்ல, உங்க ரெண்டுபேருக்க மூளையும் சேந்து ஒறஞ்சு போச்சு."

அண்ணன் முகம் தொங்கிவிட்டது. நான் அவரைத் தேற்றப் போனபோதுதான் அக்கா என் சட்டைக் கையிலிருந்து எதையோ உரித்தெடுத்தாள். ஒட்டுப்பால். மரத்தில் முந்தைய வெட்டின் மேலே காய்ந்து கிடக்கிற பாலை, புது வெட்டுக்கு முன்னால் நாடாவாக உரித்தெடுப்போம், அதுதான். காலையில் என் சட்டையில் ஒட்டியது அப்படியே இருந்திருக்கிறது. எங்களைத் திட்டிக்கொண்டே அவள் அதை இழுத்து, இடது கைவிரலில் ஒரு சுற்று, இரண்டு சுற்று என்று சுற்றிவிட்டுக் கையை எடுத்தாள். முடிச்சு எதுவும் இல்லை. அது அவிழாமல் விரலை இறுக்கிக்கொண்டு நின்றது.

அக்கா திட்டுவதை நிறுத்தினாள்.

"ஏலே சிங்கு, இது இன்னும் இருக்கா?"

"சாக்கு நெறைய இருக்கு அக்கா."

"சாக்குல கெடக்கது நாறும். காலையில உரிச்ச ஒடனே கொண்டுவா, கேட்டியா?"

மறுநாள் புதிதாக உரித்த நாடாவைக் கொண்டுபோனேன். அக்கா அதை மெல்லிய இழையாகக் கிழித்துக்கொண்டாள். புழுவை முள்ளில் வைத்து இழையை இழுத்துச் சுற்றினால் போதும், தானாகவே ஒட்டிக்கொள்ளும். பொடிமீன் எவ்வளவு கொத்தினாலும் புழு அசையாது. இழை மெல்லியது என்பதால் புழுவும் வெளியே தெரியும். ஆனால் சுற்றுகிற நேரம் முள்ளை யார் பிடிப்பது? அதற்குத்தான் ஜேசுதாஸ் அண்ணன் தன் பழைய குவைத்துச் செருப்பை அறுத்தார். அடி கனமான செருப்பு. அதில் ஒரு துண்டை வெட்டி, நடுவில் கத்தியால் ஒரு கீறல் போட்டார். முள்ளின் தண்டைக் கீறலில் செருகினால் கூர் மேலே பார்த்துக்கொண்டு ஆடாமல் நிற்கும். துண்டை மடியில் வைத்து, இடது கையைத் தூக்கி அதன்மேல் பாரமாகப் போட்டாள் அக்கா. சும்மா கிடந்த கைக்கும் ஒரு வேலை வந்தது.

"செருப்பு அறுத்தவனுக்கு மீனில பங்கு உண்டா?" என்று கேட்டேன்.

"தலை தருவேன்" என்றாள்.

முதலில் புழு தரையில் விழுந்தது, முள் விரலில் ஏறியது, அக்கா சொன்ன சில வார்த்தைகளைச் சபைக்காரன் நான் இங்கே எழுத முடியாது. பிறகு கை பழகிவிட்டது. அண்ணனைப் பக்கத்தில் நிற்கவே விடவில்லை. கண் முன்னால் நின்றால் கோர்த்துத் தரட்டுமா என்று கேட்பாராம். அதனால் அவர் சாலையோரத்துத் தேநீர்க்கடையில் உட்கார்ந்து, ஒரு சாயாவை ஆறவிட்டுக்கொண்டு குளத்தையே பார்த்துக்கொண்டிருப்பார்.

பண்டிகைக்கு முந்தின சாயங்காலம் வரைக்கும் விரால் வரவில்லை. கெண்டை வந்தது, கெளுத்தி வந்தது. விரால் இல்லாவிட்டால் நாளைக்கு எதைத் தூக்கிக் காட்டுவது? அப்போதுதான் மிதப்புக்கட்டை ஒரேயடியாக முங்கியது. கம்பு வளைந்தது. அக்கா எழுந்துவிட்டாள். ஒற்றைக் கையால் தூக்க முடியாத மீன் என்று எனக்கே தெரிந்தது. கம்பை விலாவோடு இடுக்கிக்கொண்டு, சரியாக ஊன்றாத காலை இழுத்து இழுத்து, அவள் பின்பக்கமாகக் கரைமேல் ஏற ஆரம்பித்தாள்.

தேநீர்க்கடையிலிருந்து அண்ணன் பறந்து வந்தார். "விழுந்துருவ ஏட்டி!"

"தொடாதிங்க!"

அண்ணன் நின்ற இடத்தில் நின்றார். நானும் நின்றேன். அக்கா இன்னும் கொஞ்சம் பின்னால் போனாள், விரால் தண்ணீரைவிட்டுப் புல்லில் ஏறியது, அக்கா பொத்தென்று சேற்றில் உட்கார்ந்தாள். விரால் முள்ளை உதறிவிட்டுத் தண்ணீரைப் பார்த்து நெளிய ஆரம்பித்தது. இன்னும் இரண்டு துள்ளல் துள்ளினால் குளம். அண்ணன் கையைக் கட்டிக்கொண்டு நிற்கிறார்.

"பாத்துக்கிட்டு நிக்கியளே, பிடிங்க!"

"நீதானே தொடாதன்னு சொன்ன?"

"இர கோக்கத்தான் உங்கள வேண்டாம்னு சொன்னேன். உங்களயே வேண்டாம்னா சொன்னேன்?"

அண்ணன் அப்படியே மீன்மேல் விழுந்தார். வெள்ளைச் சட்டையும் வேட்டியுமாக, விராலைக் கட்டிப்பிடித்துக்கொண்டு சேற்றில் கிடந்தார். அக்காவுக்குச் சிரிப்பு அடங்கவில்லை. சிரித்துக்கொண்டே வலது கையால் அவர் தலையிலிருந்த சேற்றைத் துடைத்துவிட்டாள். எனக்குக் கண் நிறைந்துவிட்டது, கம்பை எடுக்கிறதுபோல அந்தப் பக்கம் திரும்பிக்கொண்டேன்.

மறுநாள் ஏலம். சிவப்பு வாளி வந்தது, செங்கல் வந்தது. அக்கா முன்கூட்டியே என்னை எச்சரித்திருந்தாள். கையைப் பற்றி, நோயைப் பற்றி, சபையில் சாட்சி சொல்லுகிறதுபோல ஒரு வார்த்தை வரக்கூடாது, எப்போதும் சொல்லுகிறதைச் சொன்னால் போதும் என்று. நான் மூடியைத் திறந்தேன். விரால் வாலால் அடித்து என் வேட்டியை நனைத்தது. பெண்கள் பக்கம் சிரித்தது.

"லீலாபாய் பிடிச்ச..."

அதற்குமேல் என் பெரிய தொண்டை வேலை செய்யவில்லை. முற்றம் முழுவதும் என்னைப் பார்த்தது. ஜேசுதாஸ் அண்ணன் விலை கேட்க எழுந்தவர் பாதியில் நின்றார். முன்வரிசை நாற்காலியிலிருந்து அக்காவின் குரல் வந்தது.

"ஏலே சிங்கு, மீன் செத்துரும். சொல்லித் தொலை."

"விரால்!" என்று கத்தினேன்.