ஆற்றின் பூட்டைத் திறந்த மதியம்

ஐப்பசி பாதி கடந்த ஒரு செவ்வாய்க்கிழமை. மதிய உணவு முடிந்து தரமணி அலுவலகத்தில் வந்து உட்கார்ந்தபோது வெளியே அடைமழை. எங்கள் தளத்தைச் சுத்தம் செய்யும் அக்கா கையில் போனோடு என் மேசையருகே வந்தார். அவர் வீடு அடையாற்றங்கரையில் இருக்கிறது.

“சார், ஒங்க மெசேஜ் இன்னும் வர்லியே. அப்போ தண்ணி ஏறலதான? வூட்ல ஆயா தனியா கீது.”

அந்தச் செய்தியை அனுப்புவது எங்கள் வேலை. ஆற்றில் பொருத்திய கருவிகள் நீர்மட்டத்தை ஓயாமல் இணையம் வழியே கிளவுடு சர்வருக்கு அனுப்பும். அங்கே தரவு நிற்காமல் ஓடிக்கொண்டிருக்கும், ஸ்ட்ரீம் என்போம். மட்டம் ஏறினால் ஒரு புரோகிராம் அதைப் படித்துக் கரையோர வீடுகளுக்கு எச்சரிக்கை அனுப்பும். திறந்து பார்த்தோம். தரவு வந்துகொண்டுதான் இருந்தது. புரோகிராமால் அதைப் படிக்க முடியவில்லை.

காரணம் ஆயுத பூஜை. பூஜைக்கு முன் மேசையைத் துடைப்பதோடு கிளவுடையும் துடைப்பது எங்கள் வழக்கம். பல மாதமாகப் பயன்படாத அனுமதிகளை நீக்கிவிடுவோம். மழைக்காலத்தில் மட்டும் விழிக்கும் இந்தப் புரோகிராமின் அனுமதியும் அதோடு போயிருந்தது. ஸ்ட்ரீமில் விழும் ஒவ்வொரு எண்ணையும் சர்வர் மறையாக்கம் செய்து பூட்டிவிடும். அனுமதி போனதால் திறக்கும் சாவி இப்போது புரோகிராமிடம் இல்லை. அதைத் திரும்பத் தரக்கூடிய ஒரே அதிகாரி விமானத்தில் பறந்துகொண்டிருந்தார்.

“மச்சி, பூட்டையே எடுத்துட்டா?” என்றான் பக்கத்து இருக்கை நண்பன்.

“செக்யூரிட்டி டீம்ல கேப்பாங்களேடா,” என்றேன்.

“ஆத்துல எவ்ளோ தண்ணின்னு பாலத்துல நிக்கறவனுக்கெல்லாம் தெரியும். இதுல இன்னா ரகசியம்?”

உண்மைதான். ஸ்ட்ரீமில் நீர்மட்டம் தவிர வேறெதுவும் இல்லை. அதன் அமைப்பை மாற்றும் உரிமையும் எங்களிடம் இருந்தது. நண்பன் மறையாக்கத்தை நிறுத்தினான்.

ஆறுகளைப் பற்றி நிறையப் படித்திருக்கிறேன். இதைப் போல எதிலும் படித்ததில்லை. ஓட்டம் ஒரு கணமும் தடைபடவில்லை. அனுப்பிக்கொண்டிருந்த கருவிகளுக்கு எதுவும் தெரியாது. ஏற்கெனவே பூட்டப்பட்டவை பூட்டியபடியே கிடந்தன. அன்று காலை ஆற்றில் நீர் எவ்வளவு உயரம் இருந்தது என்பது எங்களுக்குத் தெரியாமலே இருந்தது. அவற்றைத் தாண்டி, புதிதாக வருவதிலிருந்து படிக்கும்படி புரோகிராமுக்குச் சொன்னோம். சிறிது நேரம் ஒன்றுமில்லை. பிறகு திரையில் ஆற்றின் மட்டம் வெறும் எண்ணாக வந்து நின்றது. அடுத்த எண் அதைவிடப் பெரியது. அதற்கடுத்தது இன்னும் பெரியது. நான் நாற்காலியை விட்டு எழுந்துவிட்டேன்.

அக்காவின் போன் ஒலித்தது. செய்தியைப் படித்தவர் உடனே எதிர்வீட்டுக்காரரை அழைத்து ஸ்பீக்கரில் போட்டார்.

“தம்பி, தண்ணி வருதாம். ஆயாவத் தூக்கினு ஸ்கூலாண்ட போய்டு.”

“எனுக்கும் வந்திச்சுக்கா. ஆயா என் முதுவுலதான் கீது. பல்செட்ட எடுத்துக்க வுடலன்னு திட்டிக்கினே வருது.”

மழைச் சத்தத்துக்கு நடுவே அந்தத் திட்டு எங்களுக்கும் கேட்டது.