பசை பிடிக்காத தாங்கி

என் தம்பியைத் தெருவில் எல்லோரும் சூட்டுக்கோல் என்றுதான் கூப்பிடுவார்கள். உடைந்த பக்கெட், நாற்காலி, தண்ணீர்த் தொட்டி எது வந்தாலும் இரும்புக் கோலைக் காய்ச்சி, உருக்கி ஒட்டிக் கொடுப்பான். யாராவது பசை தடவிக் கொண்டுவந்தால் அவன் வாய் சும்மா இருக்காது.

"ஏண்ணே, இந்த பிளாஸ்டிக்குல பசை எங்க பிடிக்கும்? இப்ப இதச் சுரண்டுறது யாரு, உங்க மாமனாரா?"

அப்படிப் பேசியவன், தன் மகள் விஷயத்தில் பசையைத்தான் நம்பினான்.

அவளுக்குப் பிறவியிலேயே இடது பாதம் உள்பக்கம் திரும்பியிருந்தது. கத்தி வைத்து நேராக்கினார்கள். முழங்காலுக்குக் கீழே விரல் வரைக்கும் பிளாஸ்டிக் தாங்கி மாட்டியே இருக்க வேண்டும், விட்டால் பாதம் பழையபடி திரும்பிவிடும் என்று மருத்துவர் சொல்லியிருந்தார். படியில் விழுந்ததில் அந்தத் தாங்கி கணுக்கால் பக்கம் பிளந்துவிட்டது. புதிதுக்கு அளவு கொடுத்தோம். எப்போது வரும் என்று சொல்ல ஆள் இல்லை.

"சூடு வைடா" என்றேன்.

"அக்கா, இது அவ காலுக்குன்னு வார்த்தது. சூடு பட்டா கோணிக்கும். பக்கெட்டு கோணினா தண்ணிதான் சிந்தும். இது கோணினா?"

பசை தடவி, கயிறு சுற்றிக் காயவைத்தான். வெங்காயத் தோல் மாதிரி உரிந்து வந்தது. உப்புத்தாளால் தேய்த்து வேறு பசை போட்டான். அவள் நாலு எட்டு வைத்ததும் டக்கென்று விட்டது. அதற்குள் பாதம் உள்ளே வளையத் தொடங்கியிருந்தது. நானும் பார்த்தேன், அவனும் பார்த்தான். இறைவா, இந்தப் பிள்ளை இன்னொரு தடவை கத்தியைத் தாங்குமா என்று வேண்டிக்கொண்டேன்.

அன்றைக்கே கோலைக் காய்ச்சினான். தாங்கி கோணாமல் இருக்க உள்ளே ஈரமணலை இறுக்கி நிரப்பச் சொன்னான் என்னிடம்.

"அண்ணி, நீங்க வேண்டிக்குங்க, மணல் நான் அள்ளுறேன்" என்றாள் அவன் பெண்சாதி.

பக்கெட் துண்டை உருக்கி வைத்துப் பார்த்தான். ஒட்டவே இல்லை. அதே பிளாஸ்டிக்தான் அதோடு சேரும். தாங்கியின் மேல் விளிம்பிலிருந்தே ஒரு கீற்று அறுத்தான். தப்பினால் அறுத்ததும் போச்சு, தாங்கியும் போச்சு. பிளவில் மிச்சமிருந்த பசை கருகிப் புகைந்தது. அதைச் சுரண்டிச் சுரண்டி அவன் விரல் நகமெல்லாம் ரத்தம்.

"அப்பா, நான் என்ன ஓட்டை பக்கெட்டா?" என்று சிரித்தாள் பிள்ளை. அவனுக்குச் சிரிப்பு வரவில்லை.

கீற்று உருகிப் பிளவோடு சேர்ந்தது. மாட்டினோம். கொஞ்சம் கோணல்தான். ஒட்டின மேடு உரசிக் குதிகாலில் கொப்புளம் வந்தது. ஆனால் பாதம் நேராக நின்றது. வாசல்வரை போய் வந்தவள், "நிக்குதுப்பா, நிக்குது" என்றாள். அவன் சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டான்.

தினமும் அதைக் கழற்றியதும் வெளிச்சத்தில் பிடித்துப் பார்க்கிறான். நேற்று பார்த்தால், ஒட்டின இடத்துக்குப் பக்கத்திலேயே மயிரிழை போல ஒரு வெள்ளைக் கோடு. உடைவதற்கு முன்னால் இந்த பிளாஸ்டிக் அப்படித்தான் வெளுக்கும்.

"அவகிட்ட சொல்லாதக்கா."

சொல்லவில்லை. இன்றைக்கும் அதை மாட்டிக்கொண்டுதான் நடந்தாள். புதியது இன்னும் வரவில்லை.